பழைய காரில் கூலன்ட் எங்கே போகிறது?

[காட்சி: போனட் திறந்திருக்கிறது. ரிசர்வ் டேங்கில் கூலன்ட் கீழ்க் கோட்டுக்கும் கீழே.]

வணக்கம். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், பெட்ரோலைப் போலச் செலவாகிற பொருள் இல்லை. மூடிய பாதைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. பல மாதங்களில் ஒரு விரற்கடை இறங்கினால் பரவாயில்லை. அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்றுதான் பொருள். பழைய வண்டியில் இப்படி வந்தால் பலர் முதலில் ஹோஸை (கூலன்ட் ஓடும் ரப்பர் குழாயை) மாற்றுவார்கள், அப்புறம் ரேடியேட்டரை, அப்புறம் வாட்டர் பம்பை. கடைசியில் பார்த்தால் போயிருந்தது ரேடியேட்டர் மூடியாக இருக்கும். அதனால் இந்த வீடியோவில் பாதிக்கு மேல் தேடுவதைப் பற்றித்தான். ஸ்பானரைக் கையில் எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

[காட்சி: ரேடியேட்டர் மூடி, நெருக்கத்தில்.]

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கட்டும். கையை வைத்தால் சுடக்கூடாது. காரணம் இதுதான்: பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதே கலவை, 1 பார் அளவு அழுத்தம் தாங்கும் மூடிக்குள் இருந்தால் 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று இறங்கும். அதுவரை அமைதியாக இருந்த திரவம் அந்த நொடியே கொதித்து முகத்தில் சீறும். துணியைச் சுற்றித் திறக்கலாம் என்பதெல்லாம் வேண்டாத வீரம்.

இந்த மூடியே ஒழுகலுக்குக் காரணமாக இருக்கலாம். அதன் ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அழுத்தம் நிற்காது. கூலன்ட் ரிசர்வ் டேங்குக்குத் தள்ளப்பட்டு, டேங்கின் வழிகுழாயில் வெளியே போய்விடும். மூடியின் மேல் அச்சிட்ட அழுத்த அளவைப் பார்த்து அதே அளவில் புதியது போடுங்கள். அதிக அளவு போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பழைய ஹோஸ்களுக்கு அது தாங்காது.

சரி, இப்போது தேடுவோம்.

[காட்சி: காரின் அடியில் விரித்த அட்டை. காலையில் ஈரப் புள்ளிகள்.]

இரவு முழுக்க ஓர் அட்டையை அடியில் விரித்து வையுங்கள். தெளிந்த, வாசனை இல்லாத தண்ணீர் என்றால் அது ஏசியிலிருந்து வடிந்தது, கவலை வேண்டாம். நிறமும் வழவழப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் கூலன்ட். அந்த இனிப்பைப் பார்த்து நாயும் பூனையும் நக்கும். உள்ளே இருப்பது எத்திலீன் கிளைக்கால், கொடிய விஷம். உடனே கழுவித் துடைத்துவிடுங்கள்.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், அது பாகங்களின் மேல் வழிந்து எங்கேயோ போய்ச் சொட்டும். மேலிருந்து கீழே பாருங்கள். சூடான உலோகத்தில் பட்டது ஆவியாகி, பச்சையோ இளஞ்சிவப்போ வெள்ளையோ காய்ந்த படிவாக நிற்கும். தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் கூலன்ட் குறைவது பெரும்பாலும் இப்படித்தான். டார்ச்சும் சிறு கண்ணாடியும் இருந்தால் போதும், அந்தத் தடமே வழி சொல்லும்.

முதலில் ஹோஸ்களின் முனைகள். அமுக்கிப் பாருங்கள்: நடுவில் உறுதியாகவும் முனையில் பொதபொதவென்றும் இருந்தால் உள்ளிருந்து வெடித்துக்கொண்டு வருகிறது. அடுத்து ரேடியேட்டர். அலுமினியத்தையும் பிளாஸ்டிக் தொட்டியையும் மடித்துப் பிணைத்த விளிம்பு முழுக்கப் பாருங்கள், வயதான பிளாஸ்டிக் அங்கேதான் விரியும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்சீல் தேய்ந்துவிட்டால் அதைக் காட்டிக்கொடுக்கவே வைத்தது அது. அங்கே ஈரமோ நீள்கறையோ தெரிந்தால் பம்பை மாற்றத்தான் வேண்டும், துளையை அடைப்பவர்களும் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் அடித்துப் பதித்த வட்டத் தகட்டு மூடிகளையும் விடாதீர்கள், பழைய வண்டிகளில் அவை துருப்பிடித்து அரிக்கும்.

காரின் உள்ளேயும் பாருங்கள். முன்சீட்டின் காலடிக் கம்பளம் ஈரம், கண்ணாடியில் எண்ணெய்ப் பசையான மூடுபனி, இனிப்பு வாசனை என்றால் ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர் ஒழுகுகிறது. பல கார்களில் அதை எட்ட டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். அதுவரை சமாளிக்க, ஹீட்டருக்குப் போகும் இரு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் வழி உண்டு. ஹீட்டர் வேலை செய்யாது, அவ்வளவுதான்.

[காட்சி: ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டர்.]

கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லையா? பிரஷர் டெஸ்டரை வாங்கவோ கடனாகப் பெறவோ செய்யுங்கள். மூடி மாட்டும் இடத்தில் பொருத்தி, மூடியில் எழுதிய அளவு வரை மட்டும் கையால் பம்ப் செய்து, 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் ஒழுகல் உண்டு. இன்ஜின் ஓடாமல் அமைதியாக இருப்பதால் சீறும் ஒலியைக் காதாலேயே கேட்கலாம். சில ஒழுகல்கள் குளிரில் ரப்பரும் உலோகமும் சுருங்கும்போது மட்டும் வரும், ஆகவே ஆறிய நிலையிலேயே செய்யுங்கள்.

முள் இறங்குகிறது, வெளியே ஈரமில்லை, காரினுள்ளும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகட்டை, சந்தேகிக்க வேண்டும். புகைக்குழாயில் விடாமல் வெள்ளைப் புகை, எண்ணெயில் பால் கலந்தது போன்ற நிறம், குளிர்ந்த இன்ஜினை இயக்கிய சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது எல்லாம் அதன் அடையாளங்கள். அப்படியானால் வீட்டில் வைத்துச் செய்யும் வேலை இது இல்லை, ஓட்டுவதையும் நிறுத்துங்கள்.

ஓட்டை அடைக்கும் திரவங்கள்? பாதி வழியில் நின்றுவிட்ட அவசரத்துக்கு மட்டும். ஓட்டை எது, ஹீட்டரின் மெல்லிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது.

[காட்சி: கத்தி, பழைய ஹோஸ், கிளாம்ப்.]

அதிகம் போவது ஹோஸ்தான், அதை மாற்றுவதைக் காட்டுகிறேன். கீழே தட்டு வைத்துக் கூலன்டை வடியுங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம், அது மாட்டியிருக்கும் பழைய பிளாஸ்டிக் கழுத்து முறிந்துவிடும். நீளவாக்கில் கத்தியால் கீறிப் பிரித்தெடுங்கள். கழுத்தின் துருவையும் படிவையும் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள், புதிய ஹோஸும் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப், கழுத்தின் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். திருகும் கிளாம்பை ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள்.

மறுபடி ஊற்றுவது காரின் கையேட்டில் சொன்ன வகை கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும். நிறம் ஒன்றாக இருந்தால் வகையும் ஒன்று என்று எண்ண வேண்டாம், ஒவ்வாத இரண்டு சேர்ந்தால் கூழாகி வழியை அடைக்கும். காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓடவிடுங்கள், முகத்தை விலக்கியே வைத்துக்கொள்ளுங்கள். சூடேறியதும் கூலன்டுக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது இன்னும் ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடியை மாட்டலாம்.

முதல் ஓட்டத்தில் வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள். கூலன்ட் இல்லாமல் சென்சார் காற்றில் நின்றால் இன்ஜின் காய்ந்துகொண்டிருக்கும்போதும் முள் சாதாரணமாகவே காட்டலாம். ஹீட்டரில் சூடான காற்று திடீரென்று குளிர்ந்தால் அது சரியான எச்சரிக்கை, நிறுத்திவிடுங்கள். மறுநாள் காலையில், ஆறிய நிலையில் மட்டத்தைப் பாருங்கள். சற்று இறங்கியிருந்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறியிருக்கும், ஊற்றி நிரப்புங்கள். அதற்கு மேலும் இறங்கினால் டெஸ்டரை மறுபடி மாட்டுங்கள்.