எதிரே வருபவருக்காகப் போடும் இன்சூரன்ஸ்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தர்மபுரியில் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். கட்சிக்காரர் கொண்டுவரும் காகிதங்களில் முதலில் வண்டியின் இன்சூரன்ஸ் நகலைத்தான் தேடுவேன். விபத்து நடந்த நாளுக்கு முன்பே அது காலாவதியாகியிருந்தால் மனசு கனத்துவிடும். அடிபட்டவர் குடும்பம், வண்டிக்காரர் குடும்பம் என்று இரண்டு குடும்பங்கள் நொடிக்கப்போகின்றன.

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் அடிபடும் வெளியாளுக்கு இழப்பீடு தரும் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு. மீறினால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காரிமங்கலத்திலோ தொப்பூரிலோ போலீஸ் மறித்தால் காட்ட ஒரு காகிதம் வேண்டுமே என்றுதான் பலரும் இன்சூரன்ஸ் போடுகிறார்கள். பயப்பட வேண்டிய தொகை அந்த அபராதம் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்னாகரம் ரோட்டில் உங்கள் பைக் மோதி ஒரு கொத்தனார் இறந்துவிடுகிறார், தப்பு உங்கள் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயது 30, மாத வருமானம் 15,000 ரூபாய். அவரை நம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என நான்கு பேர். ஆண்டு வருமானம் 1,80,000. வருங்காலத்தில் கூலி உயரும் என்பதற்காக 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவர் தனக்கென்று செலவழித்திருப்பார் என்று கால் பங்கைக் கழித்தால் 1,89,000. இந்த ஆண்டுத் தொகையை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று வயதுவாரியாக உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது; அந்த வயதுக்கு அது 17. பெருக்கினால் 32 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய். ஈமச் சடங்குச் செலவு போன்றவையும் வட்டியும் இதற்கு மேல். ஒரு உயிருக்கு இது ஈடாகுமா என்றால் ஆகாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் படிக்க வேண்டும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

இன்சூரன்ஸ் இருந்தால் இந்தப் பணத்தைக் கம்பெனி கட்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இவ்வளவுதான் கொடுப்போம் என்ற உச்சவரம்பு தேர்டு பார்ட்டி பாலிசியில் கிடையாது. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு 2022 ஜூனில் அமலுக்கு வந்த ஆண்டுக் கட்டணம் 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இன்சூரன்ஸ் இல்லையென்றால் தீர்ப்பு உங்கள் பேரில் வரும். கட்ட முடியாவிட்டால் நிலம், வீடு என்று ஜப்திக்கு மனுப் போடுவார்கள். இருக்கிற ஒரு ஏக்கரும் போய்விட்டால் உங்கள் வீட்டில் என்ன மிஞ்சும்? எதுவுமே இல்லாதவர் என்றால் அந்தக் கொத்தனார் மனைவியின் கையில் இருப்பது வெறும் தீர்ப்புக் காகிதம். எனக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்கும்போதே 5 ஆண்டுக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் போட்டுவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் தேதியே மறந்துபோகிறது. 2020இல் வாங்கிய வண்டிக்கு 2025இல் முடிந்திருக்கும். ‘ஷோரூமிலேயே எல்லாம் போட்டாச்சு’ என்று இருந்துவிடாதீர்கள். பாலிசியை எடுத்து முடிவுத் தேதியை இன்றைக்கே பாருங்கள்.

அடுத்து லோடு வண்டிக்காரர்களுக்கு. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பும் வேனைப் பாருங்கள். காலிக் கிரேட்டுகளைக் கேபினை ஒட்டி அடுக்கி, மிச்ச இடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள், சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். துக்க வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் இதே வண்டிதான். இன்சூரன்ஸ் கரெக்டாகக் கட்டியிருக்கிறேனே என்பார் ஓனர். அது சரக்கு வண்டிக்கான பாலிசி. சரக்கோடு அதன் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ போனால் காப்பீடு உண்டு. சும்மா ஏறி வருகிறவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு கம்பெனிக்கு இல்லை என்று 2003இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் அத்தனை பேருக்கும் ஓனர்தான் பதில் சொல்ல வேண்டும். வேறு பஸ் இல்லாத ஊர்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன, தெரியும். அதற்காக இந்தச் சட்டம் வளையாது. ஆளை ஏற்றுவதென்றால் அதற்கு அனுமதி பெற்ற வண்டியைப் பேசுங்கள்.

பைக்கில் பின்னால் உட்காரும் உங்கள் மனைவிக்கும் வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி போதாது. அதற்கு ‘பேக்கேஜ்’ பாலிசி, அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துப் போடும் பாலிசி வேண்டும். ஓட்டுகிற உங்களுக்கு 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக உண்டு. அது சேர்ந்திருக்கிறதா என்று ஏஜெண்டைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஓசூர் கம்பெனி வேலைக்குப் போகிற தம்பிகள் பழைய பைக்கைக் கைமாற்றிவிட்டு, ஆர்.சி.யில் பேர் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். வாங்கியவர் இன்சூரன்ஸ் இல்லாமல் யாரையாவது இடித்தால், ஆர்.சி.யில் பேர் உள்ளவர்தான் சட்டத்தின் கண்ணில் ஓனர். 2018இல் உச்ச நீதிமன்றம் இதையும் தெளிவாக்கிவிட்டது. பேர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், ஆர்.டி.ஓ. ஆபீசில் பேர் மாறிவிட்டதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.