கொட்டியாரக் குடாவின் ஆழம்

பெரியோர்களே, ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே,

மாரி மழைக்குப் பிறகு நமது திருகோணமலையிலிருந்து மூதூர் லோஞ்சியில், அதாவது இயந்திரப் படகில், போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கொட்டியாரக் குடாவின் நடுவில் கருநீலமாகத் தெரியும் நீர், மூதூர்ப் பக்கம் நெருங்க நெருங்கச் செம்மண் கரைத்த நிறமாக மாறும். அந்தக் கலங்கல் மலைநாட்டின் மண். மத்திய மலைகளிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, தான் சுமந்து வந்ததை எல்லாம் நமது வாசலில்தான் இறக்கி வைக்கிறது.

இலங்கையின் மிக நீண்ட ஆறு காலங்காலமாக மண் கொட்டியும் இந்தக் குடா ஏன் தூர்ந்து போகவில்லை? நமது ஊரின் புவியியலில் நான் முதன்மையாகக் கருதும் கேள்வி இதுவே. விடை நீருக்கு அடியில் இருக்கிறது. கொட்டியாரக் குடாவின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெரும் பள்ளத்தாக்கு ஆழ்கடலை நோக்கி இறங்குகிறது. மற்ற இடங்களில் கண்டமேடை, அதாவது கரையை அடுத்த ஆழங்குறைந்த கடலடித் தளம், மெல்லச் சரிந்து செல்ல, இங்கே கரையை ஒட்டியே ஆழம் தொடங்கிவிடுகிறது. ஆறு கொண்டுவரும் மண்ணில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்தில் இறங்கிப் போய்விடுகிறது. உள்துறைமுகத்தையோ குன்றுகளும் முனைகளும் சூழ்ந்து நின்று காற்றிலிருந்து காக்கின்றன. பிரித்தானியர் 1957 வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்ததும், 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் தேடிவந்து குண்டு வீசியதும், ஆழமும் அரணும் ஒருங்கே அமைந்த இந்தத் துறைமுகத்தின் பொருட்டே.

வடக்கே புல்மோட்டைக் கரை வேறு விதமானது. அங்கே அலைகள் இலேசான மணலை அள்ளிச் சென்று கனத்த மணலை விட்டுவைக்கின்றன. கையில் அள்ளினால் பாரம் தெரியும் அந்தக் கறுப்பு மணலே தைத்தானியம் எடுக்க உதவும் இல்மனைற்று.

காற்றைச் சொல்லாமல் இந்தக் கடலைச் சொல்ல முடியாது. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் மாதங்களிலேயே நமக்கு மழையின் பெரும்பகுதி கிடைக்கிறது. கடலும் அப்போதுதான் கொந்தளிக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றோ தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் இறக்கிவிட்டு, வறண்டு சுடுகாற்றாக நம்மிடம் வருகிறது. தரை வெடிக்கும் அந்தக் காலத்தில் கடல் தணிந்து கிடப்பதால் மேற்குக் கரை மீனவர்கள் தங்கள் கொந்தளிக்கும் கடலை விட்டு இங்கே வந்து வாடி எனும் தற்காலிகக் குடில்களை அமைக்கிறார்கள்.

ஆழம் கப்பலுக்கு வழிவிட்டது. ஆனால் நீர் நம் ஊர்களைப் பிரித்தும் வைத்தது. 2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் துறையிலே பாதைக்காகக் காத்து நின்றார்கள். பிள்ளைகளே, ஏறிப்போகும் அந்தத் தெப்பத்துக்குத்தான் நாங்கள் பாதை என்று பெயர் வைத்திருந்தோம்.

கடல் தணிந்த ஒரு காலையில் கோணேசர் மலை விளிம்பிலிருந்து கிழக்கே பாருங்கள். கரைக்கு அருகிலேயே ஆழம் இருப்பதால் நீலத்திமிங்கிலங்கள் இவ்வளவு கிட்ட வருகின்றன. அவை மூச்சுவிடும்போது எழும் நீர்த்தூவல், கண்ணுக்கெட்டும் தூரத்தில், வெள்ளையாக நின்று கலையும்.