கொப்பி எழுதித் தப்பிய கூத்து

(மட்டக்களப்பு கல்லடியில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.)

சபையில் இருக்கும், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாருக்கும் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கை மூன்று மணி நேரம் பதிவு செய்தேன். அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்திப் பாடல் முழுவதும் அதில் இருந்தது. பாடியவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அடுத்த வருடம் அந்தக் குரல் எப்படி இருக்குமோ என்ற பயத்தில்தான் பதிவு செய்தேன். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்குள் தளத்தின் தானியங்கி இயந்திரம் அதை முடக்கிவிட்டது. சடங்கு தொடங்குமுன் வீதி ஒலிபெருக்கியில் ஒரு பக்திப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. என் பதிவில் அது நாற்பது விநாடி கேட்கிறது. அதன் உரிமை ஓர் இசை நிறுவனத்திடம் இருக்கிறதாம். நாற்பது விநாடிக்காக மூன்று மணி நேரமும் போயிற்று.

மறுப்பு எழுதி அனுப்பினேன். அதை முதலில் படித்து முடிவு சொல்வது யார் தெரியுமா? உரிமை கோரிய அதே நிறுவனம்தான். அதற்கு 30 நாள் அவகாசமும் உண்டு. பாண்டியன் சபையில்கூடக் கண்ணகிக்குச் சிலம்பை உடைத்துக் காட்ட இடம் கிடைத்தது. எனக்கு ஒரு படிவத்தில் நாலு வரி எழுதத்தான் இடம் கிடைத்தது.

எழுதியவருக்கும் பாடியவருக்கும் கூலி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மூர் எழுத்தாளர் ஒருவர் கடன்பட்டு அச்சடித்த புத்தகத்தை முழுதாகப் போட்டோக் கொப்பி எடுத்து விற்றால் அது களவு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நான் கேட்பது, இந்தப் பதிப்புரிமை எதுவரை நீளலாம் என்பதைத்தான்.

இங்கிலாந்தில் 1710இல் வந்த முதல் பதிப்புரிமைச் சட்டம் தன்னைக் கல்வியை ஊக்குவிக்கும் சட்டம் என்றே சொல்லிக்கொண்டது. அது கொடுத்தது 14 ஆண்டு. அதன் பிறகும் ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. அதற்குப் பின்னர் நூல் ஊருக்குப் பொது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமோ ஆசிரியரின் ஆயுள் முழுவதும் கொடுத்து, இறந்த பிறகு 70 ஆண்டும் கொடுக்கிறது. பதிப்புரிமைக்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பேர்ண் உடன்படிக்கை பொதுவாகக் கேட்பது இறந்த பின் 50 ஆண்டுதான். மிச்சம் 20 நாமாகவே கூட்டிக்கொண்டது.

இந்தக் கணக்கை நமக்குத் தெரிந்த ஒருவர் மேல் வைத்துப் பார்ப்போம். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் மறைந்தார். 70 ஆண்டு என்றால் 2017. அவர் துறவி, பிள்ளை குட்டி இல்லாதவர். பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ் நூலுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். அப்படிப்பட்டவரின் எழுத்தை இறந்து எழுபது ஆண்டு பூட்டி வைத்தால் அதில் யாருக்கு என்ன ஆதாயம்? இன்னொரு கணக்கும் சொல்கிறேன். இந்தச் சபையில் இருக்கும் ஒரு பிள்ளை இன்று கவிதை எழுதி, 2075 வரை வாழ்ந்தால், 2145 வரை அனுமதி கேட்க வேண்டும். அதுவரை தாள் இருக்குமா? கேட்பதற்கு ஆள் இருக்குமா?

ஆள் இல்லாத நூல்கள்தான் என்னை அதிகம் வருத்துகின்றன. நம் பக்கம் சிறிய அச்சகங்களில் சில நூறு பிரதி மட்டும் அடித்த அம்மானைகள், காவியங்கள், கோயில் பாடல்கள், முஸ்லிம் ஊர்களின் கவித் தொகுப்புகள் எத்தனை! 1978 சூறாவளியில் எவ்வளவோ நனைந்து போயின. 2004 கடல்கோளில் எவ்வளவோ அள்ளுண்டு போயின. அப்புறம் யுத்தம், இடப்பெயர்வு. ஆசிரியர் இல்லை, அச்சகம் இல்லை, வாரிசு எந்த நாட்டில் என்றே தெரியாது. ஒரே ஒரு பிரதி யாரோ வீட்டு அலுமாரியில் கரையான் வாயில் இருக்கிறது. அதை ஸ்கான் செய்து எல்லோரும் படிக்க இணையத்தில் வைக்கலாமா என்று கேட்டால், அனுமதி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். யாரிடம் வாங்குவது? சட்டத்துக்கும் தெரியாது. ஆனால் பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது.

இந்தக் காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. ஒரு புத்தகத்தை வாங்கி, வாசித்து, பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுத்தால் சட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. அதே நூல் போனில் இருந்தால், திறந்தாலும் அனுப்பினாலும் அது ஒரு பிரதி. பிரதி எடுப்பதைத்தான் சட்டம் ஆள்கிறது என்பதால், வாசிப்பே அதன் கைக்குள் வந்துவிட்டது. 2009இல் அமேசான் நிறுவனம், காசு கொடுத்து வாங்கியவர்களின், மின்னூல் வாசிக்கும் கிண்டில் கருவிகளிலிருந்தே சில நூல்களை அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லையென்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அலுமாரியிலிருந்து புத்தகம் எடுக்க வீட்டுக்குள் வரலாம் என்று எந்தப் புத்தகக் கடைக்காரரும் இதற்கு முன் நினைத்ததில்லை.

நம் சட்டத்தின் 11ஆம் பிரிவு நியாயமான பாவனையை ஏற்கிறது. கற்பித்தல், ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி எல்லாம் அதில் வரும். நல்ல பிரிவு. ஆனால் என் பதிவை மூடிய இயந்திரம் அதைப் படித்ததில்லை. அது ஒலியை ஒலியோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான்.

அண்ணாவிமார் இதையும் கவனிக்க வேண்டும். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பற்றியது. வணிகத்துக்காகவோ, மரபான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பயன்படுத்த அனுமதி கொடுப்பது அமைச்சர் தீர்மானிக்கும் ஓர் அதிகார சபை. கட்டணம் அங்கே போகும், கலாசார வளர்ச்சிக்குச் செலவாகும். நோக்கத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வடமோடிக் கூத்தையும் தென்மோடிக் கூத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஊரின் கையில் அந்த அனுமதி இல்லை.

அந்தக் காப்பு எப்படி நடந்தது? கொப்பியால் நடந்தது. ஒரு ஊர் அண்ணாவியார் அடுத்த ஊருக்குக் கூத்துப் பழக்கப் போவார். அங்கே ஒருவர் இரவிரவாக விளக்கு வைத்து அவருடைய கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்வார். பிழை வரும். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்று பழமொழியே உண்டு. ஆனாலும் ஒரு ஊரில் கறையான் தின்றதை இன்னொரு ஊர்க் கொப்பி காப்பாற்றியது. நம் பேச்சில் எழுதும் புத்தகமும் கொப்பி, பார்த்து எழுதுவதும் கொப்பி. சிறிய மொழிச் சமூகத்துக்குப் பிரதி எடுப்பதுதான் மூச்சு.

சட்டத்தைத் திருத்துவது நாளைக்கே நடக்காது. ஆளில்லாத நூல்களுக்கு ஒரு வழி வேண்டும், முடக்குமுன் ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நம் கையில் ஒன்று இருக்கிறது. புத்தகம் போட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வாசலில் உள்ள மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இந்த நூலை நூலகங்கள் ஸ்கான் செய்து எல்லோரும் இலவசமாகப் படிக்க வைக்கலாம், விற்பதற்கு மட்டும் என்னிடம் கேட்க வேண்டும் என்று இரண்டே வரி. நூலின் பெயரை எழுதி, திகதி போட்டு, கையொப்பம் வையுங்கள். இறந்துபோன தகப்பனாரின் நூல் என்றால் பிள்ளைகள் எல்லோரும் வைக்க வேண்டும். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அக்கா தங்கச்சிமாரிடம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

என் சடங்குப் பதிவை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்திருக்கிறேன். பென்டிரைவ் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்பது விநாடியை வெட்டிவிட்டேன்.