பாரதிக்கு முகம் தந்த செங்கோட்டைக்காரர்

தலைவர் அவர்களே, முன்வரிசையில் இடம்பிடித்திருக்கிற ஆச்சிமார்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கிற அண்ணாச்சிமார்களே, வணக்கம்.

எஸ்.வி. சுப்பையா என்று பெயரைச் சொன்னால் இளவட்டங்கள் முழிக்கிறார்கள். "கப்பலோட்டிய தமிழன்ல பாரதியா வருவாரே" என்று சொன்னதும், "அவரா!" என்கிறார்கள். முகம் நிலைத்துவிட்டது, பேர்தான் நழுவிவிட்டது. குணச்சித்திர நடிகர்களுக்கு நாம் செய்கிற மரியாதை இவ்வளவுதான் போலிருக்கிறது.

செங்கோட்டை என்றால் நாடகக்காரர்களுக்கு முதலில் கிட்டப்பாதான். 1906இல் பிறந்து 1933இலேயே போய்விட்ட அந்த மனுஷர் பாட்டால் உலகத்தைக் கட்டிப்போட்டார். அதே ஊர்ப் பிள்ளை சுப்பையா பேர் வாங்கியது பேச்சால். அந்தப் பேச்சு எங்கே பழுத்தது? பாய்ஸ் கம்பெனியில்.

பாய்ஸ் கம்பெனியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பையன்களை வைத்து நாடகம் போட்ட குழு அது. பால்மணம் மாறாத பிள்ளைகளைக் கம்பெனியில் சேர்த்துவிடுவார்கள். சாப்பாடு, படுக்கை, பாடம், பிரம்படி எல்லாம் அங்கேதான். தன் வேஷத்துக்கு மட்டும் பாடம் பண்ணினால் போதாது, நாடகம் முழுக்க நெட்டுருவாக இருக்க வேண்டும். இன்றைக்கு ஸ்திரீபார்ட், அதாவது பெண்வேஷம், கட்டியவன் நாளைக்கு ராஜபார்ட் என்கிற கதாநாயகன் வேஷத்துக்கு நிற்க நேரலாம். பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் அவன் பாடு திண்டாட்டம். பாட்டை மட்டும் நம்பியவன் வீட்டுக்குப் போவான். வசனம் தெரிந்தவன் தங்குவான்.

அந்த வழிக்கு வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் சபையில் வளர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்கள் குழுவில் நடித்தவர் நம்ம சுப்பையா. பிறகு சக்தி நாடக சபாவுக்குப் போய், 'கவியின் கனவு' நாடகத்தில் நடித்தார். நம்பியாரும் சிவாஜியும் அதே நாடகத்தில் நின்றவர்கள்தான்.

தம்பி, மைக் இரையுது, கொஞ்சம் குறைச்சு வையுங்க. ஆமா, இந்த மைக்கைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மேடையில் கடைசித் தரை டிக்கெட்காரன் காதில் விழுகிற மாதிரி பேசிப் பழகினவர்கள், சினிமாவுக்கு வந்தும் அதே தொண்டையில் முழங்கினார்கள். சுப்பையா இறக்கிப் பேசினார். 1959இல் 'பாகப்பிரிவினை' பாருங்கள். அண்ணனாகப் பாலையா, அவரும் நம்ம நெல்லைப் பக்கத்துக்காரர். தம்பியாகச் சுப்பையா. வீட்டை இரண்டாக்கிச் சுவர் எழும்புகிறது. அங்கே ஓவென்று அழ எந்த நடிகனுக்கும் கை துறுதுறுக்கும். இவர் தொண்டையிலேயே அதை நிறுத்திக்கொள்கிறார். பார்க்கிற நமக்குத்தான் தாங்கவில்லை.

1961இல் 'கப்பலோட்டிய தமிழன்'. சிவாஜி வ.உ.சி., டி.கே. சண்முகம் சுப்பிரமணிய சிவா, இவர் பாரதி. டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவராய், ஒரு காலத்தில் கம்பெனிப் பிள்ளைகளுக்கு 'அண்ணாச்சி'யாக இருந்த சண்முகத்துக்குப் பக்கத்தில் சரிசமமாக நிற்கிறார். ஒட்டப்பிடாரத்துக்காரர் கதையில் எட்டயபுரத்துக்காரராகச் செங்கோட்டைக்காரர்! சிவா மட்டும் வத்தலக்குண்டு, அவரையும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். படம் வசூலில் அடிவாங்கியது. ஆனாலும் மீசையை முறுக்கிக் கர்ஜிக்கிற பாரதியைத் தராமல், சட்டென்று குழந்தையாகவும் மாறிவிடுகிற ஒரு கிறுக்குக் கவியைச் சுப்பையா தந்தார். அதற்கப்புறம் எத்தனை பேர் முண்டாசு கட்டினாலும் எனக்கு இவர் முகம்தான் வருகிறது.

1969இல் ஜெயகாந்தன் கதையை எடுத்து 'காவல் தெய்வம்' என்று சொந்தப் படம் தயாரித்தார். துணிச்சல்தான். 1971இல் 'ஆதி பராசக்தி'யில் அபிராமி பட்டர். 'சொல்லடி அபிராமி' பாட்டுக்குக் குரல் டி.எம்.எஸ். உடம்பெல்லாம் பழைய மேடை. அடக்கி வைத்த பாய்ஸ் கம்பெனிக்காரனை அங்கே அவிழ்த்துவிட்டார்.

ஆனால் 1980இல் மறைந்த அந்த மனுஷரை எடைபோட என்னைக் கேட்டால், நான் 1973இல் வந்த 'அரங்கேற்ற'த்தைத்தான் எடுப்பேன். வீடு நிறையப் பிள்ளைகள், கையில் காசில்லை, வீம்பு மட்டும் குறையாத புரோகிதர். மகள் அனுப்புகிற பணம் எப்படி வருகிறது என்று தெரியாமலே குடும்பம் நடத்துகிற அந்தத் தகப்பன் மேல் நமக்குக் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே முகத்தில் வாங்கிக்கொண்டவர் அவர். அந்தப் படத்தைப் பற்றியே பேச அடுத்து ஒருவர் காத்திருக்கிறார். அவர் நேரத்தை நான் தின்னக்கூடாது. வணக்கம்.