சோமனூர்ப் பையனுக்கும் சக்தி வரட்டும்

அவையோருக்கு வணக்கமுங்க. முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் இன்றைய பேச்சு உங்களுக்குத்தான்.

பதினைந்து வயதுப் பையனுக்குத் திடீரென்று அதிசய சக்தி வருகிறது. அந்தக் கதையில் எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டால் சண்டை என்பீர்கள். எனக்கு அதற்கு முந்தைய பக்கங்கள்தான் உயிர். தனக்கு என்ன ஆகிறதென்று தெரியாமல், யாரிடமும் சொல்லவும் முடியாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் கிடக்கிற பக்கங்கள்.

1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனை அறிமுகப்படுத்திய கதை வெறும் 11 பக்கம். அதுவரை இப்படிப்பட்ட கதைகளில் சிறுவர்கள் பெரும்பாலும் பெரிய நாயகனுக்குத் துணையாகத்தான் வருவார்கள். இங்கே பள்ளி மாணவனே நாயகன். சக்தி வந்ததும் பீட்டர் பார்க்கர் ஊரைக் காக்கக் கிளம்பவில்லை. மல்யுத்த மேடையேறிக் காசு பார்க்கிறான். தன்னைத் தாண்டி ஓடும் திருடனை, எனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். வளர்த்த பெரியப்பாவைக் கொன்றவன் அதே திருடன் என்று பிறகு தெரிகிறது. அந்த வயதின் சுயநலத்தை ஒளிக்காமல் சொன்னதால்தான் அந்தக் கதை இன்னும் நிற்கிறது.

உங்கள் தாத்தாமார் வேறொருவரோடு வளர்ந்தார்கள். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். ஆனால் அவர் வளர்ந்த மனிதர். அவருக்குப் பரீட்சை கிடையாது, அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை.

அதையெல்லாம் விடப் பழையது நம் கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதை. உடுக்கையடித்து இரவெல்லாம் பாடுவார்களே, அதில் பொன்னர் சங்கரின் வீரத்தைவிட என்னை உலுக்குபவள் தங்கை தங்காள். வரப்போகும் கேடு அவளுக்குக் கனவில் தெரிந்துவிடும். அழுது தடுப்பாள். அண்ணன்மார் போய்விடுவார்கள். முன்கூட்டியே தெரிந்தும் தடுக்க முடியாத அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். கோவைக்கு அருகே விசைத்தறிகள் ஓடும் சோமனூர்ப் பக்கம், தறிக்குடோனை ஒட்டிய ஒரு வீடு. பத்தாவது படிக்கும் பையனுக்கு ஒருநாள் காது அளவில்லாமல் கேட்க ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு தறியிலும் ஊடுநூலோடு குறுக்கே ஓடும் நாடா அடிப்பதும் தனித்தனியாக மண்டைக்குள் விழுகிறது. நைட் ஷிப்டும் ஓடுகிறது, தூக்கமில்லை. பஞ்சு அடைத்துப் பார்க்கிறான், பலனில்லை. அப்புறம் கரண்ட் போகிறது. அப்பாடா என்று படுக்கிறான். அப்போதுதான் அடுத்த அறையில் அப்பா அம்மாவிடம் முணுமுணுப்பது கேட்கிறது. பாவும் நூலும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குகிறவர் கூலியைக் குறைத்துவிட்டாராம். தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

கேட்டதை அவன் வெளியே சொல்வானா? கூலிப் பேச்சுவார்த்தை நடக்கும் கட்டடத்துக்கு வெளியே நின்று, கூலி கொடுக்கும் தரப்பு தங்களுக்குள் பேசுவதை ஒட்டுக்கேட்பானா? கேட்டு வந்து சொன்னால் அப்பா நம்புவாரா? நம்பினாலும், அப்படி வந்த கூலி உயர்வை அவர் ஏற்பாரா?

நானூறு பக்கத்துக்கு இது தாங்கும், கண்ணுகளா. முதல் அத்தியாயத்திலேயே அவனை வில்லனோடு மோத விட்டுவிடாதீர்கள், சில நாள் தூங்காமல் கிடக்கட்டும். எழுத நினைக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.