நாடு கடத்தப்பட்ட மரணக் கடவுள்: மிக்ட்லான்டெகுட்லி இன்று எங்கே இருக்கிறார்?

[காட்சி: இருண்ட அரங்கு. ஒரு சுடுமண் சிலையின் வயிற்றுப் பகுதியில் மட்டும் வெளிச்சம் விழுகிறது.]

விலா எலும்புகளுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும் இந்த உறுப்பைச் சற்று உற்றுப் பாருங்கள். முதல் பார்வைக்குத் தடித்த இதழ்களோடு தலைகீழாகத் தொங்கும் பூவைப் போலத் தெரியும். அது கல்லீரல். இப்போது வெளிச்சத்தை மெல்ல மேலே நகர்த்துவோம். தோல் உரிந்த முகத்தில் பற்கள் முழுவதும் வெளியே தெரிகின்றன. மண்டையெங்கும் சிறு சிறு துளைகள் இருக்கின்றன. அந்தத் துளைகளில் ஒரு காலத்தில் சுருள்முடியைச் செருகியிருந்தார்கள். தனித்தனிப் பாகங்களாகச் சுட்டுப் பொருத்திய இச்சிலையின் உயரம் ஏறத்தாழ 1.76 மீட்டர். எதிரே போய் நின்றால், உங்களை நோக்கிக் குனிந்து இரு கைகளையும் நீட்டும் ஒருவரின் முன்னால் நிற்பதாகவே தோன்றும்.

இவர்தான் மிக்ட்லான்டெகுட்லி. ஸ்பானியர் வருவதற்கு முன் மத்திய மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்களின் நாவாட்ல் மொழியில் இப்பெயருக்கு ‘மிக்ட்லானின் தலைவர்’ என்று பொருள். மிக்ட்லான் என்பது இறந்தோர் இருக்கும் இடம். ஒரு மரணக் கடவுள் தன் உலகத்திலிருந்து துரத்தப்பட்டு இன்றைய மனிதர்களுக்கு நடுவே வாழ நேர்ந்தால் என்ன ஆகும் என்று கதைகளும் வீடியோ கேம்களும் கற்பனை செய்கின்றன. இவரைப் பொறுத்தவரை அந்தக் கற்பனைக்கு வேலையே இல்லை. இவருடைய வீடு இடிக்கப்பட்டது. இவருடைய ஊரின் பெயருக்கே வேறு பொருள் ஏற்றப்பட்டது. இன்று இவர் மெக்சிகோ நகரத்தின் நடுவில், போக்குவரத்து இரைச்சல் ஓயாத ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

அவருடைய ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மரணக் கடவுள் என்றதும் நமக்கு எமனும் சித்திரகுப்தனின் ஏடும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் மிக்ட்லானில் பாவ புண்ணியக் கணக்கு கிடையாது. ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பதைவிட எப்படி இறந்தார் என்பதே அவர் போய்ச் சேரும் இடத்தை முடிவு செய்தது. போரில் மாண்ட வீரர்கள் விடியல் முதல் உச்சிவேளை வரை சூரியனோடு நடப்பார்கள். பேறுகாலத்தில் இறந்த பெண்கள் அங்கிருந்து சூரியனை மேற்கே அழைத்துச் செல்வார்கள். நீரில் மூழ்கியவர்களையும் இடி விழுந்து இறந்தவர்களையும் மழைக் கடவுளான ட்லாலோக் ஏற்றுக்கொள்வார். நோயிலும் முதுமையிலும் இறந்தவர்கள், அது அரசரானாலும் உழவரானாலும், மிக்ட்லானுக்கே போனார்கள்.

அங்கே போய்ச் சேர நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த வழியைப் பற்றி நாம் விரிவாக அறிவது, 16-ஆம் நூற்றாண்டில் பெர்னார்டினோ டி சாகூன் என்ற ஸ்பானியத் துறவி, நாவாட்ல் பேசும் முதியோரிடம் கேட்டும் அம்மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர் அறிஞர்களைக் கொண்டும் தொகுத்த 12 நூல்களால்தான். ஒன்றோடொன்று மோதும் இரண்டு மலைகள், வழியை மறிக்கும் பாம்பு, ஒரு பல்லி, எட்டுப் பாலைகள், எட்டு மேடுகள் ஆகியவற்றைக் கடந்தால், எரிமலைக் கண்ணாடிக்கல்லில் செய்த கத்தியைப் போல உடலை அறுக்கும் காற்று வீசும் இடம் வரும். அந்தக் குளிரைத் தாங்குவதற்காகவே இறந்தவரின் துணிமணிகளை அவரோடு சேர்த்து எரித்தார்கள். பிணத்தின் அருகே ஒரு சிறு குடத்தில் தண்ணீர் வைத்தார்கள். மரப்பட்டைக் காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, “இதைக் கொண்டு மலைகளுக்கு நடுவே போவாய், இதைக் கொண்டு பாம்பைக் கடப்பாய்” என்ற பொருள்படச் சொல்லிச் சொல்லி வழியனுப்பினார்கள்.

கடைசியில் ஓர் ஆறு குறுக்கிடும். அங்கே இறந்தவரின் நாய் காத்திருக்கும். கழுத்தில் பருத்திக் கயிறு கட்டி அவரோடு அனுப்பப்பட்ட நாய் அது. வெள்ளை நாயோ “நான் இப்போதுதான் குளித்தேன்” என்று மறுத்துவிடும். கறுப்பு நாயும் தன் உடம்பில் அப்பியிருக்கும் கறையைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொள்ளும். மஞ்சள் நாய் மட்டுமே தன் எசமானரை அடையாளம் கண்டு, தண்ணீரில் குதித்து, அவரை அக்கரை சேர்க்கும். சாவைப் பற்றி இவ்வளவு வீட்டு வாசனையோடு பேசும் வேறொரு கதையை நான் படித்ததில்லை.

அக்கரையில் ஒன்பதாவது மிக்ட்லான் இருக்கிறது. அதைப் புகைபோக்கியோ வெளியேறும் வழியோ இல்லாத இடம் என்று நாவாட்ல் மொழியில் வர்ணித்தார்கள். வீட்டின் நடுவே அடுப்பு எரியும் மக்களுக்கு, புகை போக வழியில்லாத இடம் என்ற சொல்லே எல்லாவற்றையும் உணர்த்தியிருக்கும். அங்கே மிக்ட்லான்டெகுட்லியும் அவருடைய மனைவி மிக்டெகாசிவாட்லும் இருக்கிறார்கள். கொண்டுவந்த காணிக்கையை ஒப்படைத்தபின் இறந்தவர் முற்றிலும் இல்லாமல் போகிறார்.

[காட்சி: பழைய சுவடியோவியம். சங்கு ஊதும் உருவம்.]

இவர் உயிரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைய மனித இனம் உருவானதே இவருடைய கிடங்கில் இருந்த எலும்புகளால்தான் என்கிறது 1558-இல் எழுதப்பட்ட ‘சூரியன்களின் கதை’. முந்தைய யுகத்து மனிதரின் எலும்புகளைக் கேட்டுக் கெட்சல்கோவாட்ல் என்ற கடவுள் கீழே இறங்குகிறார். தருகிறேன், ஆனால் இந்தச் சங்கை ஊது என்கிறார் மிக்ட்லான்டெகுட்லி. சங்கிலோ துளையே இல்லை. புழுக்கள் அதைக் குடைகின்றன, தேனீக்கள் உள்ளே புகுந்து ஒலி எழுப்புகின்றன. எலும்போடு ஓடும் கெட்சல்கோவாட்ல், வழியில் வெட்டப்பட்ட குழியில் காடைகள் வெருட்ட விழுகிறார். எலும்புகள் நொறுங்கிப் போகின்றன. அந்தத் துண்டுகளை ஒரு தேவி அரைக்க, கெட்சல்கோவாட்ல் தன் இரத்தத்தை அதில் சொரிய, மனிதர்கள் பிறக்கிறார்கள்.

1521 ஆகஸ்ட் 13 அன்று அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. கோயில்கள் இடிக்கப்பட்டு, அவற்றின் கற்களாலேயே புதிய நகரம், இன்றைய மெக்சிகோ நகரம், எழுந்தது. என்னைக் கேட்டால், அதைவிட ஆழமான நாடு கடத்தல் சொல்லில்தான் நடந்தது. நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நாவாட்ல் மொழியில் ஒரு சொல் தேவைப்பட்ட துறவிகள், ‘மிக்ட்லான்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அலோன்சோ டி மோலினா 1571-இல் அச்சிட்ட அகராதியில் மிக்ட்லான் என்பதற்கு நரகம் என்றே பொருள் தரப்பட்டுள்ளது. தண்டனையே இல்லாத ஓரிடம் இப்படித்தான் தண்டனைக் கூடமாக மாறியது; அதன் தலைவர் சாத்தானின் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அவரைக் கொடியவராக மட்டுமே காட்டும் இன்றைய திரைகளிலும் அந்த மொழிபெயர்ப்பின் நிழல் விழுந்திருக்கிறது.

மண்ணுக்கு அடியில் போன தெய்வங்கள் மீண்டும் மேலே வந்தபோதும் வரவேற்பு எளிதாக இருக்கவில்லை. 1790-இல் நகரின் பெரிய சதுக்கத்தில் கோவாட்லிக்வே என்ற தாய்த் தெய்வத்தின் பெருஞ்சிலை கிடைத்தது. அதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் மக்கள் அதை வணங்கத் தொடங்கியதைக் கண்டு மறுபடியும் புதைத்தார்கள்.

1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் தோண்டிய குழியொன்றில் கோயோல்சாவ்கி தெய்வத்தின் வட்டக்கல் தென்பட்டது. அதிலிருந்து டெம்ப்லோ மயோர் எனப்படும் பெருங்கோயிலின் அகழாய்வு தொடங்கியது. அதன் வடக்கே இருந்த ‘கழுகுகளின் இல்லம்’ என்ற கட்டடத்தில், 1994-இல் தொல்லியலாளர் லியோனார்டோ லோபெஸ் லுஹானும் அவருடைய குழுவினரும் மிக்ட்லான்டெகுட்லியின் சுடுமண் சிலைகள் இரண்டைக் கண்டெடுத்தார்கள். தொடக்கத்தில் நாம் பார்த்தது அவற்றில் ஒன்று. பழைய சுவடி ஒன்றில் இக்கடவுளின் உருவத்தின் தலைமேல் இரத்தம் ஊற்றும் காட்சி வரையப்பட்டிருக்கிறது; சிலைகளை ஆய்வகத்தில் சோதித்தபோது அவற்றின் மேற்பரப்பிலும் இரத்தத்தின் எச்சம் கிடைத்தது. கல்லீரல் தொங்குவதற்கும் காரணம் உண்டு. மனித உடலில் மூன்று உயிர்ச்சக்திகள் இருப்பதாகவும், அவற்றுள் ‘இஹியோட்ல்’ என்பது கல்லீரலில் உறைவதாகவும் அம்மக்கள் நம்பினார்கள். ஆசையும் சினமும் அங்கிருந்தே எழும். சதை கழன்ற மரணக் கடவுளிடம் கல்லீரல் மட்டும் மிஞ்சியிருப்பது அதனால்தான்.

நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோ கொண்டாடும் இறந்தோர் நாளை இவருடைய பண்டிகையாகவே காட்டுவோர் பலர். அதை அப்படியே ஏற்க முடியாது. அந்தத் தேதிகள் கத்தோலிக்கத் திருநாள்களுக்கு உரியவை. ஆனால் படையலில் பரப்பும் செண்டுமல்லியின் பெயர், ‘செம்பசூச்சில்’, நாவாட்ல் சொல்லிலிருந்து வந்தது. இறந்தவருக்கு வழிச்சோறும் தண்ணீரும் வைக்கும் மனம் அந்தச் சிறு குடத்தை எனக்கு நினைவூட்டத்தான் செய்கிறது.

[காட்சி: வேராகுரூஸ் மாநிலத்துச் சிற்றூர். சிறிய கட்டடத்துக்குள் சாம்பல் நிற மண் உருவம்.]

இவரைப் பெயர்க்க முடியாத ஓர் இடமும் இருக்கிறது. எல் சபோட்டல் என்ற இந்த ஊரில், டெனோச்டிட்லான் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, வேறொரு பண்பாட்டினர் மரணக் கடவுளைச் சுடாத பச்சை மண்ணால் வனைந்து அரியணையில் அமர்த்தினார்கள். ஆய்வாளர்கள் அவரையும் மிக்ட்லான்டெகுட்லி என்றே அழைக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்தபோது, தூக்கினால் பொடிந்துவிடும் என்பது தெரிந்தது. ஆகவே அவரை எங்கும் கொண்டுபோகவில்லை. அவரைச் சுற்றித்தான் அருங்காட்சியகத்தைக் கட்டினார்கள். வனைந்தவர்கள் உட்கார வைத்த அதே இடத்தில், விலா எலும்புகள் தெரிய, பற்கள் வெளியே தெரிய, அவர் இன்றும் அமர்ந்திருக்கிறார்.