பரணில் கிடந்த டென்ட்டும் கரண்ட் இல்லாத நான்கு நாட்களும்

வணக்கம் மக்களே! இன்று மலையும் இல்லை, அருவியும் இல்லை. வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் தெரியும் குவியலைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், பரணில் இருந்த ட்ரெக்கிங் சாமான்களை எல்லாம் இறக்கிப் போட்டிருக்கிறேன். கேமராவைப் போடுவதற்கு முன்னால் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தேன். அதனால் நடுவில் எழுந்து ஓடினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஐப்பசி பிறந்துவிட்டது. சென்னையில் இருப்பவர்களுக்கு இது காலண்டரைப் பார்த்துக் கொஞ்சம் வயிறு கலங்கும் மாதம். 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று எங்கள் பகுதிக்காரர்களுக்கு வருஷத்தைச் சொன்னால் போதும், புயலின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். நான் இருப்பது வேளச்சேரிக்குப் பக்கத்தில், முதல் மாடியில். மிக்ஜாம் அன்று, ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்குப் போன கரண்ட் வியாழக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. அந்த நான்கு நாளும் இந்தச் சாமான்களில் எது கைகொடுத்தது, எது சும்மா கிடந்தது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நான் நம்பியிருந்தவை எல்லாம் கைவிட்டன. விளையாட்டுச் சாமான் என்று நினைத்தவைதான் காப்பாற்றின.

முதலில் இன்வெர்ட்டர். "வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று நானும் இருந்தேன். எங்கள் பேட்டரி 150 ஆம்பியர் அவர், 12 வோல்ட். பெருக்கினால் 1800 வாட் அவர். வழியில் சேதாரம் போக 1200 கைக்கு வரும் என்று வையுங்கள். சாதாரண ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டு ஃபேன், இரண்டு டியூப்லைட், வைஃபை என்று ஓட்டினால் 200 வாட் ஆகிவிடும், ஆறு மணி நேரம்தான். சொல்லி வைத்ததுபோல விடியற்காலை நான்கு மணிக்கு அது பீப், பீப் என்று கத்திவிட்டு அடங்கிவிட்டது. இன்றைக்கு இருக்கும் புத்தி அன்றைக்கு இருந்திருந்தால், கரண்ட் போன அந்த நிமிடமே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கோடு நிறுத்தியிருப்பேன். பிஎல்டிசி ஃபேன் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் யோகம். அது 30 வாட் அளவில்தான் இழுக்கும். இன்னொன்று, தரைத்தளத்தில் இருப்பவர்கள் இன்வெர்ட்டரைத் தரையில் வைக்காதீர்கள். கீழ்வீட்டு அக்கா வீட்டில் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார்கள். முதலில் நனைந்தது அதுதான்.

தெருவில் தண்ணீர் நின்றால் கரண்ட்டை மின்வாரியத்துக்காரர்களே நிறுத்திவிடுவார்கள், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் தெருமுனையில் நிற்கிறதே பில்லர் பாக்ஸ், வீடுகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அது இடுப்பளவுதான் உயரம். அது மூழ்கியிருக்கும்போது சப்ளை கொடுத்தால் ஆள் செத்துவிடுவான். அதனால் மழை நின்றாலும் தண்ணீர் வடியும்வரை கரண்ட் வராது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இதைப் பாருங்கள். ஹெட்லேம்ப். இதை வெள்ளியங்கிரி போவதற்காக வாங்கினேன். ஏழு மலையையும் பலர் ராத்திரியில்தான் ஏறுவார்கள், கையில் டார்ச் பிடித்தால் தடி பிடிக்கக் கை இருக்காது, அதனால் நெற்றியில் கட்டும் விளக்கு. வீட்டில் என்ன உபயோகம் என்கிறீர்களா? இருட்டில் சமைத்துப் பாருங்கள், தெரியும். ஒரு கையில் செல்போன் டார்ச், ஒரு கையில் கரண்டி, குழம்பில் விழுந்தது உப்பா சர்க்கரையா என்று தெரியாது. இதை மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் காலி. ராத்திரி பாத்திரம் தேய்க்கலாம், அம்மாவுக்கு ஊசி போடலாம்.

ஒரு வித்தை காட்டுகிறேன், பாருங்கள். ஒரு லிட்டர் வெள்ளை பாட்டில், உள்ளே தண்ணீர். ஹெட்லேம்ப்பின் விளக்கு உள்பக்கம் பார்க்கும்படி பாட்டிலைச் சுற்றி இப்படிக் கட்டுகிறேன். ஹால் லைட்டை அணைக்கிறேன்... தெரிகிறதா? ஹால் முழுக்க நிலா வெளிச்சம் மாதிரி பரவுகிறது. இதைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் ராத்திரிகள் பல ஓடும். மெழுகுவத்தியைத் தொடவே வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கும், கர்ட்டன் பறக்கும், குழந்தைகள் ஓடும்.

ஆனால் அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் மலையிலிருந்து வந்து பேட்டரியோடு இதைப் பரணில் போட்டிருந்தேன். டிசம்பர் ராத்திரியில் எடுத்து பட்டனை அழுத்தினால் ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தால் மூன்று பேட்டரியும் கசிந்து, கம்பிச்சுருள் முழுக்க உப்புப் பூத்ததுபோல வெள்ளையும் பச்சையுமாய்ப் படிந்திருக்கிறது. அம்மா காது குடையும் பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுக் கொடுத்தார்கள். துடைத்து, காயவைத்து, டிவி ரிமோட்டிலிருந்து இரண்டு, கடிகாரத்திலிருந்து ஒன்று என்று பேட்டரி உருவிப் போட்டபிறகு எரிந்தது. அல்கலைன் பேட்டரியில் கசிவது காரம், எலுமிச்சையோ வினிகரோ அதை முறிக்கும். துடைத்தபின் கையைக் கழுவிவிடுங்கள். இப்போது பேட்டரியைத் தனியாக எடுத்து, அதே உறையில் போட்டு வைக்கிறேன்.

அடுத்தது டென்ட். சிரிக்காதீர்கள். ஃபேன் இல்லாத வீட்டில், நாலாபக்கமும் தண்ணீர் தேங்கிய தெருவில் ராத்திரி தூங்குவது எப்படி? ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் கொசு. முதல் ராத்திரி, இன்வெர்ட்டர் அடங்கியபிறகு, வீட்டில் இருந்த எல்லோரும் உட்கார்ந்தே விடியவைத்தோம். இரண்டாம் நாள்தான் மண்டையில் உறைத்தது. டென்ட்டின் மேலே போடும் மழைத்துணியைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது முழுக்க வலைதானே! இரண்டு கம்பியைக் கோத்து ஹால் நடுவில் நிறுத்தினேன். இதற்கு ஆணி வேண்டாம், கொக்கி வேண்டாம், தானே நிற்கும். கீழே காற்றடிக்கும் மேட் விரித்தேன். அம்மா ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, கோழியைக் கவுத்து மூடற மாதிரி இருக்கு" என்றார்கள். பத்து நிமிடத்தில் குறட்டை! அடுத்த ராத்திரி கீழ்வீட்டு அக்காவும் அவர் பெண்ணும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள், பெண்களுக்கு டென்ட்டைக் கொடுத்துவிட்டு நான் சமையலறையில் படுத்தேன், கொசுவுக்கு மொய் எழுதிக்கொண்டு. வாங்கப் போகிறவர்கள் மேல்பாகம் வலையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒற்றைத்துணி டென்ட் வீட்டுக்குள் வெந்நீர் அண்டா மாதிரி.

நான் பெருமையாக நினைத்திருந்த கேஸ் அடுப்பு இதோ, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். இதை நான்கு நாளும் தொடவே இல்லை. நம் வீட்டு சிலிண்டருக்குக் கரண்ட் எதற்கு? லைட்டரோ தீப்பெட்டியோ போதும். இண்டக்ஷனை மட்டும் நம்பி இருக்கும் பேச்சிலர் அறைகளுக்குத்தான் இது உதவும். அவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இந்த அடுப்பில் மாட்டும் சின்ன கேஸ் டப்பா, அதாவது கேனிஸ்டர், காலியானபின் அதில் சமையல் கேஸ் அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். இந்த டப்பா பியூட்டேனுக்காகச் செய்தது, சமையல் கேஸில் புரோப்பேனும் கலந்திருக்கும், அழுத்தம் அதிகம். டென்ட்டுக்குள்ளோ, மூடிய அறையிலோ அடுப்போ கரியோ பற்றவைக்கவே கூடாது. ஜெனரேட்டரும் அப்படித்தான், பால்கனியில்கூட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மடிக்கும் சோலார் பேனல்... இதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். புயல் நாளில் வானம் எப்படி இருக்கும்? பகல் பன்னிரண்டு மணிக்குச் சாயங்காலம் ஆறு மாதிரி இருக்கும். போனை நேராகச் சொருகினேன், சார்ஜ் ஏறுகிறது, நிற்கிறது, ஏறுகிறது, நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் திரை எரிந்து இருந்த சார்ஜும் குறைந்ததுதான் மிச்சம். புதன்கிழமை வெயில் வந்தபிறகு பவர் பேங்க்கில் சொருகினேன், அப்போது உருப்படியாக ஏறியது. முதல் இரண்டு நாளுக்கு நிரப்பி வைத்த பவர் பேங்க்தான் துணை. 20,000 எம்ஏஎச் என்று அதில் போட்டிருப்பது 3.7 வோல்ட் கணக்கு, 74 வாட் அவர். சேதாரம் போக 5,000 போட்ட போனை மூன்று தடவை நிரப்பும், நான்கு என்று கனவு காணாதீர்கள். டவரும் சில மணி நேரத்தில் படுத்துவிடும். சிக்னல் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்னும், ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அழைப்பு போகாத நேரத்தில் எஸ்எம்எஸ் போய்விடும். செய்திக்கு எனக்குத் துணையாக இருந்தது தாத்தா காலத்துப் பழக்கம், ரேடியோ. சின்ன எஃப்எம் பெட்டி, 101.4-ல் சென்னை ரெயின்போ.

அம்மாவின் இன்சுலின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் அதிகம் பயந்தது அதற்குத்தான். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் கரண்ட் போய் நான்கு மணி நேரம்வரை குளிர் தாங்கும். என்னிடம் தண்ணீரில் நனைத்து வைக்கும் குளிர்ப்பை ஒன்று இருந்தது. கோடைக்கால ட்ரெக்கிங்கில் அருமையாக வேலை செய்யும். அன்று கையை விட்டுப் பார்த்தால் வெளியே இருந்த குளிர்ச்சிதான் உள்ளேயும். பானைத் தண்ணீர் மாதிரிதான் அதுவும், ஈரம் ஆவியானால்தான் குளிரும். மழைநாளில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது எங்கிருந்து ஆவியாகும்? நல்ல வேளையாக, மழைநாள் வெப்பமே 25 டிகிரி சுற்றித்தான் இருந்தது. உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் நான்கு வாரம்வரை வெளியில் இருக்கலாம். உங்கள் மருந்தின் தாளில் பார்த்து, டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திறக்காத மருந்தை மட்டும் அகல வாய் ஃபிளாஸ்க்கில், ஐஸ் போட்டு, நடுவில் கனமான துணி வைத்துப் பாதுகாத்தேன். ஐஸில் நேராகப் பட்டு உறைந்துவிட்டால் மருந்து வீண்.

சரி, இதுவரை பேசியதெல்லாம் ஒரு பக்கம். கரண்ட் போனால் வீட்டில் முதலில் தீர்வது வெளிச்சம் இல்லை, தண்ணீர். எங்கள் கட்டடத்தில் ஆறு வீடு. மோட்டார் ஓடாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வழக்கம்போலக் குளித்தோம், துவைக்கக்கூடச் செய்தார்கள். மத்தியானம் குழாயில் காற்று வந்தது! கீழே சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் வெள்ளம் உள்ளே புகுந்துவிட்டது. ஆர்ஓ மெஷின் கரண்ட் இல்லாமல் வெறும் சுவர் அலங்காரம். கேன்காரர் வர வழியில்லை.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன, கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அவர்கள் காசு கொடுத்து ஜெனரேட்டர் கூப்பிட்டது ஃபேன் போட இல்லை, டேங்க்கில் தண்ணீர் ஏற்ற. மணிக்கு இவ்வளவு என்று வீடு வீடாக வந்து ஏற்றிவிட்டுப் போனார்களாம்.

இந்த மடிக்கும் தண்ணீர்ப் பை பத்து லிட்டர் பிடிக்கும், அடியில் சின்னக் குழாய். மலையில் இதில் ஒரு பையை வைத்து மூன்று பேர் ஒரு நாளை ஓட்டியிருக்கிறோம். அதே பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மொட்டை மாடிக் குழாயிலிருந்து கொட்டிய மழைநீரை அண்டாவிலும் பக்கெட்டிலும் பிடித்துக் கழிவறைக்கு வைத்தோம். கைகழுவ இந்தப் பைக் குழாயை நூல் மாதிரி திறந்து வைத்தோம். சொம்பில் மொண்டு கழுவுவதைவிடப் பாதிகூடச் செலவாகவில்லை. குடிக்க மாடியில் பிடித்த மழைநீரை ட்ரெக்கிங் ஃபில்டரில் விட்டு, அப்புறம் கொதிக்கவும் வைத்தோம். ஃபில்டரின் துளை 0.1 மைக்ரான், பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. அதனால்தான் கொதி. தெருவில் நிற்கும் வெள்ளத்தை மட்டும் எந்த ஃபில்டரிலும் விடாதீர்கள். சாக்கடை, டீசல் எல்லாம் கலந்தது அது, எண்ணெயையும் ரசாயனத்தையும் இது என்ன செய்யும்?

அப்புறம் இந்த மூங்கில் தடி. வெள்ளியங்கிரி அடிவாரம் பூண்டியில் வாங்கியது. என் அலுமினியக் கம்பு கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், ஆனால் மின்கம்பிகள் தொங்கும் தெருவில் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க மனம் வரவில்லை. தண்ணீரில் மூடி திறந்த சாக்கடை எங்கே என்று தட்டித் தட்டி, இந்தத் தடியை வைத்துத்தான் அக்காவையும் பெண்ணையும் மேலே அழைத்து வந்தேன். மூங்கிலும் நனைந்தால் நம்பக்கூடாது. தெருவில் கரண்ட் நிறுத்தியிருக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரியாமல் தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். அக்கா வீட்டு ரேஷன் கார்டு, சர்டிஃபிகேட், மாத்திரை எல்லாம் இந்த இருபது லிட்டர் ட்ரை பேக்கில் வந்தது. வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கி போட்டால் ஒரு சொட்டு இறங்காது.

இதில் புதிதாக வாங்கச் சொன்னால் நான் ஹெட்லேம்ப், தண்ணீர்ப் பை, ட்ரை பேக் இந்த மூன்றைத்தான் சொல்வேன். டென்ட் ஏற்கெனவே இருப்பவர்கள் ஒருமுறை ஹாலில் நிறுத்திப் பாருங்கள், சோபாவை எங்கே தள்ளுவது என்று அன்றைக்கு இருட்டில் யோசிக்க வேண்டாம். மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றே—

என்னம்மா? ... ஐயோ, டேங்க் வழிகிறதா? இருங்கள் மக்களே, மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன்.